இரும்பு பம்பரைக் கழற்று, மகனே

சார்லஸ், சாவியைப் போட்டிருந்தால் முதலில் வெளியே எடு. இதைப் படித்து முடித்த பிறகு வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். தாளை ஸ்டியரிங்கில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், அவசரத்தில் கிழித்துவிடாதே. குப்பத்தில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், மாநகராட்சிக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். அந்தப் பழக்கத்தில் இதற்கும் மேலே 'பொருள்' என்று எழுதிவிட்டு அப்புறம் அடித்தேன். பெற்ற பிள்ளைக்கே மனுப் போடும் நிலைமை எனக்கு வந்திருக்கிறது, என்ன செய்ய. நான் வாயைத் திறந்தால் நீ கையைக் காட்டி நிறுத்திவிடுகிறாய். தாளுக்கு நேராகக் கையைக் காட்ட முடியாது இல்லையா? பொருள் உனக்குத் தெரிந்ததுதான். வண்டிக்கு முன்னால் நாம் மாட்டிய இரும்பு பம்பர். நாம் என்ன நாம், நான்தான் மாட்டச் சொன்னேன்.

சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். திங்கட்கிழமை நீயும் மெர்சியும் இந்த வண்டியிலேயே வேளாங்கண்ணிக்குப் போய் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு. ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று, உன் அம்மா பூக்காரரிடம் பேரம் பேசித் தொண்டையைக் கட்டிக்கொண்டாள். கல்யாண வீட்டுக்காரன் சிரித்துக்கொண்டு திரிய வேண்டிய நேரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கடற்கரைச் சாலை தெரிகிறது. நீ ஓட்டுகிறாய், இடது பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே ஏதோ ஒன்று வருகிறது. லாரியோ, மாடோ, தூங்கிப்போன டிரைவரோ. அதற்கு மேல் பார்க்கப் பயந்து கண்ணைத் திறந்துவிடுகிறேன். உன் அம்மா, 'இன்னாய்யா பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்துகினு கீற' என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, சார்லஸ். இதை இவ்வளவு வெளிப்படையாக உன்னிடம் நான் சொன்னதே கிடையாது.

நீ இந்த பிக்கப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய நாள் ஞாபகம் இருக்கிறதா? காசிமேட்டில் மீன் எடுத்து அடையாறு, தி.நகர் ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுகிற பிழைப்புக்குச் சொந்த வண்டி. எல்லாரும் உள்ளே ஏறி ஸீட்டைத் தடவிப் பார்த்தார்கள். நான் மட்டும் முன்னால் போய் பம்பரை விரலால் தட்டினேன். டொக் டொக் என்று பிளாஸ்டிக் சத்தம். 'இன்னாடா இது, மூஞ்சில பக்கெட்ட கவுத்து வச்சிகீறானுங்க' என்றேன். 'இப்ப வர்ற வண்டி அல்லாம் இப்டிதான் நைனா' என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து படகில் போகிறவனுக்கு முன்பக்கம் என்றால் வேறு அர்த்தம். படகின் முன்முனையை, நாம் அணியம் என்கிறோமே அதை, எப்படிப் பார்த்துக்கொள்வோம்! கரை பிடிக்கும்போது இன்ஜினை முழு வேகத்தில் விட்டு, அலையோடு அலையாக ஏறி, அணியத்தை மணலில் குத்தித்தான் படகை நிறுத்துகிறோம். அத்தனை அடியையும் வாங்குவது அதுதான். புதுப் படகு வந்தால் அணியத்துக்கு மேலும் ஓர் அடுக்கு ஃபைபர் போடாமல் நான் கடலில் இறக்கவிட்டதில்லை. அந்தக் கண்ணாலேயே உன் வண்டியையும் பார்த்தேன். அணியம் இல்லாத படகில் என் பிள்ளை ரோட்டில் இறங்குகிறான் என்று தோன்றியது. கல்யாணத்துக்கு என் பங்காக இரும்பு பம்பர் போட்டுத் தருகிறேன் என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

புதுப்பேட்டையில் நான் பண்ணின அலட்டலை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கடைக்காரர் எடுத்துக் காட்டியதில் இருப்பதிலேயே கனமானதைக் கேட்டேன். இரண்டு ஆட்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். கறுப்பு பெயின்ட், நடுவில் வளைந்த குழாய், இரண்டு பக்கமும் கயிறு மாட்டக் கொக்கி. 'பெரியவரே, இத்த மாட்டிட்டா லாரி வந்து மோதுனாக்கூட லாரிக்குத்தான் சேதம்' என்றான் பொருத்துகிற ஆள். எனக்கு அந்தப் பேச்சே போதுமாக இருந்தது. பழைய பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றியபோது அதற்குப் பின்னால் நீளமாக வெள்ளை அட்டை ஒன்று இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். நம் மீன் பெட்டி தெர்மாகோல் மாதிரியே, கொஞ்சம் கெட்டியாக. 'ஐஸ் பொட்டிய ஒடைச்சி உள்ள சொருகி ஏமாத்திகீறானுங்கடா' என்று கடையே அதிரச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். இரும்பை நேராக சேஸிஸில் வைத்து போல்ட் முறுக்கினார்கள். ஜாக்கியை இறக்கிவிட்டதும் வண்டியின் முன்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்தது. கனம் என்றால் அப்படித்தான் என்று அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். கழற்றிய பிளாஸ்டிக்கையும் அந்த வெள்ளை அட்டையையும் கடையிலேயே விட்டுவிடச் சொன்னேன். உன் அம்மா கூட வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. எதையும் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்து, மொட்டைமாடியில் கருவாடு காற்றில் பறக்காமல் இருக்க அணை வைத்துக்கொண்டாள்.

பங்குத் தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் போன பிறகு உன் அம்மா கொக்கியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள், இரண்டு பக்கமும் காவல் இருக்கட்டும் என்று. பையன்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். 'மச்சி, சிங்கம் மாதிரி கீது' என்றார்கள். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வாரம் நான் டீக்கடையில் பேசியதெல்லாம் அந்த இரும்பைப் பற்றித்தான்.

அப்புறம்தான் அஞ்சலையக்கா விஷயம் நடந்தது. நீ அதை மறந்திருப்பாய், புது அன்னக்கூடை வாங்கிக் கொடுத்ததோடு உனக்கு அது முடிந்துபோயிற்று. எனக்கு முடியவில்லை. சந்திலிருந்து கடற்கரை லூப் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினாய். முனையில் அஞ்சலையக்கா மீன் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கிளட்சை ஒரு நொடி முன்னால் விட்டுவிட்டாய், அவ்வளவுதான். வண்டி ஓர் அடிகூட எகிறவில்லை. பலகை இரண்டாக மடங்கியது, அலுமினிய அன்னக்கூடை பப்படம் மாதிரி நசுங்கியது, சங்கரா மீனெல்லாம் ரோட்டில் இறைந்தது. பையன்கள் ஓடிவந்து முதலில் பார்த்தது பம்பரைத்தான். 'ஒரு கீறல் இல்ல மாமா!' என்று விசில் அடித்தார்கள். அந்த விசிலில் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதுதான் அஞ்சலையக்கா, தண்ணீர் பிடிக்க எழுந்து போனவள், குடத்தோடு திரும்பி வந்து நின்றாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் நான் பார்த்ததே இல்லை. 'என் காலு அங்கதான் நீட்டிக்கினு இருந்துச்சி. தண்ணி புடிக்க எய்ந்து போனேன். போவலன்னா இன்னா ஆயிருக்கும்?' என்று என்னைத்தான் கேட்டாள், உன்னை அல்ல.

அந்தக் கூடையை நான் எடுத்துவந்து கொல்லையில் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் புத்தியில் உறைத்தது. நாம் மாட்டிய இரும்பு அடியை வாங்கவே இல்லை. எதிரே இருந்ததற்கு அப்படியே கொடுத்துவிட்டது. அன்றைக்கு எதிரே இருந்தது கூடை. இந்தச் சந்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், கிழங்கட்டைகள் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்கள், பெண்கள் வாசலில் உட்கார்ந்து மீன் அரிகிறார்கள். இத்தனை பேருக்கு நடுவில் தினமும் நீ இரும்பை முன்னால் நீட்டிக்கொண்டு போய்வருகிறாய். உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் மாட்டினேன். வண்டிக்கு வெளியே இருக்கிற ஒருவரைக்கூட நான் நினைக்கவில்லை.

சரி, வண்டிக்கு உள்ளே இருக்கிற உனக்காவது நல்லது செய்தேனா? அதுவும் இல்லை போலிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மெர்சி மந்தைவெளியிலிருந்து தன் அம்மாவோடு வந்தாள் அல்லவா? நீ பொருள் வாங்கப் போயிருந்தாய். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள், 'மாமா, இந்த வண்டியில ஏர்பேக் இருக்குன்னு அவர் சொன்னாரே. முன்னாடி இவ்ளோ பெரிய இரும்ப மாட்டுனா அது சரியா வேலை செய்யுமா?' ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண். என்னென்ன எலும்பைப் பார்த்திருக்கிறாளோ, எதையும் சொல்லிப் பயமுறுத்தவில்லை. கேட்டதோடு சரி. நான் வழக்கம்போல அணியத்துக் கதையை ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மணல்ல மோதும்போது உங்களுக்கு அடி படாதா மாமா?' என்றாள். 'மணல்தானம்மா, அது உள்வாங்கிக்கும்' என்றேன். என் வாயிலிருந்து வந்த பதில்தான், ஆனால் அதற்கு முன்னால் நான் அதை யோசித்ததே இல்லை.

உன் சேவியர் சித்தப்பாவை நினைத்துப் பார். அவன் ஏன் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறான் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாய், படகில் விழுந்தான் என்று சொல்லியிருக்கிறேன். நடந்தது இதுதான். ஒரு தடவை புயல் அடித்து ஓய்ந்து கடல் மணலை வாரிக்கொண்டு போயிருந்தது. அடியில் கிடந்த கல்லெல்லாம் மேலே வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. வழக்கமான வேகத்தில் கரை பிடித்தோம். அணியம் கல்லில் அடித்தது. நான் பின்னால் இன்ஜின் தடியைப் பிடித்திருந்தேன், தப்பித்தேன். சேவியர் நடுவில் நின்றவன், எகிறிப்போய் முன்கட்டையில் விழுந்து வலது தோள் நொறுங்கியது. படகுக்கு? ஒன்றுமே ஆகவில்லை. பெயின்ட் போயிருந்தது, அவ்வளவுதான். கரையில் எல்லாரும், 'படகுன்னா இது படகு' என்று அணியத்தைத் தட்டிக்கொடுத்தார்கள். தோள் நொறுங்கினவன் பக்கத்திலேயே கிடக்கிறான், நாங்கள் படகைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். படகு கொஞ்சம் உடைந்திருந்தால் அவன் உடைந்திருக்க மாட்டான் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எங்காவது ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தாக வேண்டும் சார்லஸ். கடற்கரையில் மணல் விட்டுக்கொடுக்கிறது. ரோட்டில் லாரி விட்டுக்கொடுக்காது, பாலத்துச் சுவர் விட்டுக்கொடுக்காது. அதனால் வண்டியே நசுங்கட்டும் என்று பிளாஸ்டிக்கையும் அந்தத் தெர்மாகோலையும் வைத்திருக்கிறார்கள். நான் சிரித்தேனே, அதுதான் உன் மணல். அதைப் பிடுங்கிவிட்டு அங்கே கல்லை வைத்தவன் நான்.

மனசு கேட்காமல் மறுநாள் வண்டிக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போய் விசாரித்தேன். உன்னிடம் பல் வலி என்று சொல்லிவிட்டுப் போனது அங்கேதான். மேஜையில் இருந்த பெண் பொறுமையாகவே சொன்னாள். 'வெளியில மாட்டினதுக்கு நாங்க உறுதி சொல்ல முடியாது சார். ஏர்பேக் சரியா வரலாம், லேட்டா வரலாம், வராமலும் போகலாம். அதக் கழட்டிட்டு ஒரிஜினல மாட்டிக் கொண்டு வாங்க, சென்சார செக் பண்ணித் தரோம். போலீஸ் பார்த்தாலும் ஃபைன் போடுவாங்க சார், இது மாட்டவே கூடாது.' ஃபைனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 'வராமலும் போகலாம்' என்ற அந்த ஒரு பேச்சுத்தான் அன்றிலிருந்து காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மீன் வாங்குகிறவர்கள் வந்து விலை கேட்கிறார்கள், எனக்கு அதுதான் கேட்கிறது. காலைப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கிறார், அப்போதும் அதுதான் கேட்கிறது.

நேற்று உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். நீ என்ன சொன்னாய் என்பதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், படித்துப் பார். 'நைனா, நீதான மாட்டச் சொன்ன? குப்பம் பூரா தம்பட்டம் அடிச்சதும் நீதான? இப்ப கல்யாணத்துக்கு ரெண்டு நாளு முன்னாடி கயட்டுனா பசங்க சிரிப்பானுங்க. போலீசுக்குப் பயந்துட்டான்னு சொல்லுவானுங்க.' உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள், 'மால கட்டறதுக்கு எவ்ளோ வசதியா கீது, கல்யாணம் முடியட்டும்யா' என்று. நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தம்பட்டம் அடித்தது நான்தான். அதனால் சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். 'கெயவனுக்கு மற கயண்டுபோச்சி, அவனே மாட்டுனான், அவனே கயட்டுனான்' என்று பேசட்டும். டீக்கடையில் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சிரித்துவிட்டு எல்லாரும் பந்தியில் வந்து உட்காரத்தான் போகிறார்கள்.

கல்யாணத்துக்கு அப்பன் புத்தி சொல்லி எழுதுகிறான் என்று நினைக்காதே. 'முன்னால் இரும்பைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தாதே, கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கப் பழகு' என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா, நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு. அவள் இத்தனை வருஷமாக என்னைப் பற்றிச் சொல்ல நினைத்ததை உன் பேரில் சொல்லிக்கொள்கிறாள். எழுதியாயிற்று, அதற்கு மேல் அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியது வேறு. நீங்கள் இருவரும் போனபடியே திரும்பி வரவேண்டும். நான் பயந்தது வீண் என்று நீ பிற்பாடு கேலி செய்ய வேண்டும். அந்தக் கேலியை ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் சாவியை எடுக்கச் சொன்னேன். காலையில் நீ விட்டுப்போன ஒன்றிரண்டு பேருக்குப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தபோது பொறுக்க முடியாமல் படகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். நீ வருவதற்குள் கழற்றிவிடலாம் என்று எண்ணம். ஒரு போல்ட் சுற்றியது, இன்னொன்றும் சுற்றியது. மூன்றாவதில் கை வைத்தபோது நிறுத்திவிட்டேன். வண்டி உன்னுடையது. உனக்குத் தெரியாமல் திருடன் மாதிரி கழற்றினால், நாளைக்கு நீயும் ரோஷத்தில் எனக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்வாய். சரி என்று இரண்டையும் திருப்பி முறுக்கினேன். ஆனால் சரியாக முறுக்கினேனா என்று எனக்குத் தெரியவில்லை. புதுப்பேட்டை ஆள் நீளமான தடி போட்டு முறுக்கினான், என் ஸ்பானர் அதில் பாதி. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன், பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் கூடுகிறது. உன்னைக் காப்பாற்றப் போய் மாட்டினேன், காப்பாற்றப் போய்க் கழற்றினேன், இரண்டிலும் வில்லங்கத்தைத்தான் இழுத்து வைத்திருக்கிறேன். இந்த நிலையில் நீ கல்யாணக் கோட்டு வாங்க தி.நகருக்குக்கூட இந்த வண்டியை எடுக்கக் கூடாது. திட்டுவதானால் இறங்கி வந்து திட்டு.

மாடியில் இருந்த பழைய பம்பரை இறக்கி சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருக்கிறேன். அந்த வெள்ளை அட்டையையும்தான், ஒரு மூலையைப் பூனை பிறாண்டியிருக்கிறது, அது கெட்டுப்போயிருந்தால் புதிது வாங்கிப் போடுவோம். எவ்வளவு கழுவியும் கருவாட்டு வாசனை போகவில்லை, வேளாங்கண்ணி வரைக்கும் கூடவே வரும். மெர்சியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

படித்துவிட்டாயா? தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார். வண்டிக்கு நேர் முன்னால் அஞ்சலையக்காவிடம் ஒரு ஸ்டூல் இரவல் வாங்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் முட்டிக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஒரு ஜாண் கூட இல்லை. இங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. ஸ்பானர் மடியில் இருக்கிறது. நீ வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொள், என்னால் தனியாகத் தூக்க முடியாது.